இருட்டுக்கூடத்தில் நாலாவது குரல்

"மூஞ்சியக் கழுவுடி!"

"மாட்டேன். சாயங்காலம் மாப்பிள்ளையோட அம்மா பாக்க வர்றாங்க. வெறும் மூஞ்சியோட எப்படிக்கா..."

"மூஞ்சி மாவு உதிர்ந்தா ஃபிலிம் பூரா புள்ளி..."

"ஒரு சிட்டிகைதான் பூசியிருக்கேன்!"

"சிட்டிகையா? சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. உன் மூஞ்சியப் பாத்து யாரும் ஓட மாட்டாங்க. வாயத் திறந்தாத்தான் ஓடுவாங்க."

"ஓடட்டுமே! பின்னாடியே போய்ப் பேசுவேன்!"

அந்த வாயாடி என் தங்கை ரித்சு. இனி நான் சொல்லப்போவது கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் அங்கேதான் இருந்தேன்.

ஜப்பானில் ஷோவா பதினோராம் ஆண்டு, அதாவது 1936, ஜனவரி. நாகானோ மலையடிவாரத்தில் யுகாவா ஃபிலிம் கம்பெனி. வெளிநாட்டு ஃபிலிமுக்குக் கையேந்தாமல் நாமே செய்துவிடலாம் என்று தொடங்கியது. ஆரம்பத்தில் டோக்கியோ ஸ்டூடியோக்காரர்கள் சுருள்களைத் திருப்பி அனுப்பினார்கள். "உங்க ஃபிலிம்ல எடுத்தா மணப்பொண்ணுக்கெல்லாம் அம்மை போட்டிருக்கு" என்று கேலி வேறு. அன்றிலிருந்து உள்ளே முகமாவுக்குத் தடை.

ரித்சு முணுமுணுத்துக்கொண்டே பனித்தண்ணீரில் முகம் கழுவினாள். ஃபிலிமை வெட்டிச் சுற்றும் வெட்டுக்கூடத்துக்குள் போனோம். வெளியே காலை பத்து மணி வெயில், பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. உள்ளே, வெளிச்சம் பட்டால் ஃபிலிம் கெட்டுவிடும் என்று, சிவப்பு விளக்குகூடக் கிடையாது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

அங்கே ஒரு வழக்கம். நடப்பவள் "வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். நிற்பவள் "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒருவர்மேல் ஒருவர் மோதி, கத்தி கையில் ஏறும்.

கத்தி பிடிக்கும் தோமே-சான் இன்னொன்றும் சொல்வாள்.

"பதில் சொல்றதுக்கு முன்னாடி ஆள எண்ணிக்குங்க, பிள்ளைங்களா."

"எண்ணுறதுக்கு நாம என்ன கோழியா?" என்று ரித்சு சிரிப்பாள்.

அன்றைக்கு உள்ளே நாங்கள் மூவர். வலப்பக்கம் தோமே-சான். நடுவில் நான், ஃபிலிமை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. அந்தக் கோடியில் ரித்சு, வெட்டிய ஃபிலிமைச் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கிர்ர்... கிர்ர்...

சர்... சர்...

வைக்கோல் செருப்புச் சத்தம். வாசல் பக்கமிருந்து. ஆனால் கதவைத் திறந்தால் அடிக்கும் மணி அடிக்கவே இல்லை.

"வர்றேன்..."

பெண் குரல். கொஞ்சம் கரகரத்த குரல்.

எண்ணினேன். தோமே-சான் மூச்சு விடுவது கேட்டது. ஒன்று. நான். இரண்டு. எதிரே கிர்ர்... கிர்ர்... மூன்று.

மூவரும் நின்றுகொண்டிருந்தோம்.

அப்படியானால் நடப்பது யார்?

"வர்றேன்..."

தோமே-சானின் கத்தி நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. என் கழுத்தோரமாகச் சில்லென்று ஏதோ கடந்துபோனது. ரித்சு இருக்கும் பக்கம்.

வேண்டாம்டி... என்று நினைத்தேன். நாக்கு எழவில்லை.

"வர்றேன்..."

"இருக்கேன்!" என்றாள் ரித்சு. கலகலவென்று. மூன்று வருடப் பழக்கம்.

கிர்ர் சத்தம் நின்றது.

"ரித்சு?"

பதில் இல்லை.

என் கையிலிருந்த ஃபிலிம் வெடுக்கென்று இழுபட்டது. குளிர்காலத்தில் காற்று காய்ந்திருக்கும். வேகமாக இழுத்தால் ஃபிலிமே பொறி கக்கும்.

பளிச்.

நீல வெளிச்சம். ஒரு கண்சிமிட்டல் நேரம்.

ரித்சுவைப் பார்த்தேன். வாய் அகலத் திறந்திருந்தது. எதிரே யாரும் இல்லை. ஆனால் யாரோ பிடித்துத் தூக்கியதுபோல முகவாய் மேலே உயர்ந்திருந்தது.

மறுபடி இருட்டு.

"ரித்சு! பேசுடி!"

சர்... சர்... சர்...

தள்ளிப் போனது.

தோமே-சான் மணிக்கயிற்றை இழுத்தாள். வெளியிலிருந்து கதவைத் திறந்தார்கள். ரித்சு நின்றுகொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. வாயைத் திறந்தாள். காற்று வந்தது. அவ்வளவுதான்.

டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்றார்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். ரித்சு தலைகுனிந்து தேநீர் ஊற்றினாள்.

"எவ்வளவு அடக்கமான பொண்ணு!" என்றாள் அந்த அம்மா.

ரித்சுவின் கண்ணீர் கிண்ணத்துக்குள் விழுந்தது. விஷயம் தெரிந்ததும் அவர்கள் திரும்ப வரவில்லை.

மறுநாள் மதியம். கம்பெனிச் சமையலறையில் ஷிமா என்று ஒருத்தி. முன்பு வெட்டுக்கூடத்தில் இருந்தவளாம். நான் சேர்ந்த நாளாக அவள் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. பிறவி ஊமை என்றே நினைத்திருந்தேன். என் கிண்ணத்தில் மிசோ சூப்பை ஊற்றினாள்.

"ஆறறதுக்குள்ள குடி."

கிண்ணம் கீழே விழுந்தது.

கரகரத்த குரல். அதே குரல்.

ஷிமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன வருஷம் அந்தக் கூடத்துல வெறும் குரலா நடந்தேன் தெரியுமா? ஒருத்தி பதில் சொன்னாப் போதும்னு நடந்தேன். உன் தங்கச்சின்னு எனக்குத் தெரியாதும்மா. இருட்டுல எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

அப்போதே என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துவிட்டது. "இருக்கேன்" என்று ஒரே ஒரு வார்த்தை, ரித்சுவுக்குப் பேச்சு திரும்பிவிடும். என் குரல் போனால் போகட்டும். அதை வைத்து நான் என்ன பாட்டா பாடப்போகிறேன்?

ரித்சு நின்ற இடத்தைக் கேட்டு வாங்கினேன். காத்திருந்தேன். பனி உருகியது. செர்ரி பூத்தது. ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒரு காலை...

சர்... சர்...

மூச்சை இழுத்தேன். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

ஒரு கை என் வாயைப் பொத்தியது. முள்ளங்கி ஊறுகாய் வாடை. தோமே-சான்.

"இன்னொருத்தியத் தர மாட்டேன்," என்று காதோரம் மூச்சாகச் சொன்னாள்.

ஃபிலிமை அப்படியே போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். கடித்தேன். ரத்தம் உப்புக்கரித்தது. கத்தி பிடித்துப் பிடித்து உரமேறிய கை. அசையவில்லை.

சர்...

என் எதிரே வந்து நின்றது.

"அக்கா... வர்றேன்."