சக்கரத்துக்கும் டிரம்முக்கும் நடுவே

என்னைத் திருடன் என்று சொன்னவன் என் கூட்டாளி. திருப்பூர் பல்லடம் ரோட்டில் இருவரும் சேர்ந்துதான் கார் ஷெட் நடத்தினோம். அறுபதுகளின் நடுவில் அவன் பிரிந்து போய் மண்ணரையில் தனி ஷெட் போட்டான். போனவன் சும்மா போகவில்லை. நான் புதுச் சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டுகிறேன் என்று எங்கள் பெரிய வாடிக்கையான பனியன் கம்பெனி முதலாளியிடம் ஓதிவிட்டுப் போனான். அவருடைய கறுப்புக் கார் அதற்கப்புறம் என் வாசலில் நிற்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒதுங்கினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவன் வாயாலேயே அது பொய் என்று முதலாளி முன்னால் சொல்ல வைக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டே இருந்தேன்.

ஒரு முகூர்த்த நாள் காலையில் அந்தக் கார் கர்ர் கர்ரென்று கத்திக்கொண்டு வந்து என் ஷெட்டுக்கு எதிரே நின்றது. அதற்கு மேல் ஓட்ட டிரைவருக்குத் தைரியம் இல்லை. பின்சீட்டில் முதலாளி, பட்டுக்கரை வேட்டியும் சீர்த்தட்டுமாக. கணியூரில் அவர் அக்கா மகளுக்குச் சீர். தாய்மாமன் போய் நிற்காமல் எங்கள் பக்கத்தில் சீர் தொடங்காது.

அந்த வாரம்தான் முன்பிரேக்கை மாற்றினார்களாம். மாற்றியவன் என் கூட்டாளி. சத்தம் வந்ததும் பிரேக் ஷூ இறுக்கம் என்று சொல்லித் தளர்த்திவிட்டிருக்கிறான். மிதித்தால் பெடல் அடிவரை போனதுதான் மிச்சம், சத்தம் போகவில்லை.

ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசியது. நட்டில் ஸ்பேனரை வைத்தால் எல்லாம் லொடலொடவென்றிருந்தன. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதன் பின்னால் பிரேக் ஷூவை மூடியிருக்கும் டிரம்மை மட்டும் சுற்றினேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது. அப்படியென்றால் ஷூவில் கோளாறு இல்லை, சக்கரம்தான் டிரம்மில் இடிக்கிறது. ரிம்மின் உள்பக்கம் வட்டமாகத் தேய்ந்து மின்னியது. வேனுக்கு வரும் தடித்த டிரம்மைக் காருக்கு மாட்டியிருந்தான். இடிப்பது தெரிந்து, இடைவெளி கிடைக்கட்டுமென்று நாங்கள் கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டை மடித்து, போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, நடுவில் வைத்து முடுக்கியிருந்தான். திருப்பூர்க்காரனுக்குத்தான் இந்தப் புத்தி வரும். துணி நசுங்க நசுங்க நட்டு தளர்ந்திருக்கிறது. கணியூர் போவதற்குள் சக்கரம் தனியாகப் போயிருக்கும்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. என் சைக்கிளைக் கொடுத்து அவனைக் கூட்டிவர டிரைவரை அனுப்பினேன். முதலாளி நேரமாகிறது என்று முனகினார். ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தான். துணியை நான் தொடவில்லை; அவனையே எடுத்து முதலாளியிடம் காட்டச் சொன்னேன். எண்ணெயும் கரியுமாக அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னையத் திருடன்னு சொன்னயே, அது நெசமா பொய்யா? இவிய முன்னால சொல்லு."

அவன் தலை நிமிரவில்லை. "பொய்தானுங்க. தொழில் புடிக்கோணும்னு சொல்லீட்டனுங்க."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். மார்பு நிறைந்து முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க மேஸ்திரி. நீங்க எதுக்கெடுத்தாலும் எதுத்துப் பேசுவீங்க. உங்களைய விடறதுக்கு ஒரு சாக்கு கெடச்சுது, அவ்வளவுதானுங்க. வெரசா மாட்டியுடுங்க, சீருக்கு நேரமாச்சு."

சாதாரணமாகச் சொன்னார். பழைய கூட்டாளி மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நொடியில் ஆளை மாற்றிக்கொண்டது. அவன் பிழைப்புக்காகப் பொய் சொன்னவன். இவர் பொய்யென்று தெரிந்தும், ஊரே என்னைத் திருடன் என்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்.

அந்தக் காருக்குப் பொருந்தும் டிரம் ஜோடி என் அலமாரியிலேயே இருந்தது. அவர் கண்ணுக்கும் தெரிந்தது. மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

"உடுமலை பஸ்சு இப்ப வருமுங்க. சீக்கரம் போனீங்கன்னா உக்கார எடம் கெடைக்கும்."

முதலில் விளையாட்டென்று நினைத்தார். பிறகு கத்தினார், பிறகு கெஞ்சினார். என் கூட்டாளிகூட, "மாட்டியுட்றலாம்ணா" என்றான். சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தினேன். கடைசியில் தேங்காயும் பூவும் வைத்த தட்டை டிரைவர் தூக்கிக்கொள்ள, புழுதியில் பட்டுக்கரையைத் தூக்கிப் பிடித்தபடி முதலாளி பஸ்ஸுக்கு ஓடினார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் தாண்டுகிறதென்று, அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா மகனைத் தாய்மாமனாக நிறுத்திச் சீரை முடித்துவிட்டார்களாம். டிரைவர் வந்து சொன்னான். சொந்த அக்காவே, "எதுக்கு வந்தே?" என்று கேட்டாளாம். அந்தப் பெண்ணை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். அவரை நினைத்து இன்றுவரை இல்லை.