வேலிக் கதியாலில் முளைத்த காளான்

என் மனைவி லோஜனாவுக்கு அனலைதீவுச் சங்கக்கடையில் வேலை. போன வருடம், தீவுப்பகுதியின் உயிரினங்களை வரைபடத்தில் பதியும் ஒரு குழுவில் சேர்ந்தாள். அன்றிலிருந்து நண்டு, ஓணான், கொக்கு எதுவும் அவளிடம் தப்புவதில்லை. போனில் படம் எடுத்து அனுப்பினால், கண்ட இடத்தில் ஒரு புள்ளி விழும். விருந்துக்குப் போன வீட்டிலும் மனுசி கிணற்றடியில் குனிந்துகொண்டுதான் நிற்பாள்.

இந்த மாரி மழைக்குக் காளானைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தீவில் காளானுக்கு ஒரு புள்ளிகூட இல்லையாம். சாப்பாட்டுக்கு நடுவிலும் இதே கதைதான்.

எனக்கோ வேறு கவலை. பக்கத்து வீட்டு அரியநாயகம் அண்ணை வேலியை எங்கள் காணிக்குள் அரை முழம் அரக்கிவிட்டார் என்று பல வருடமாகச் சண்டை. கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஒருவழியாக மனிதர் இறங்கிவந்தார். வேலி மூலையில் பட்டுப்போய் நின்ற கதியால் கட்டையைப் பிடுங்கிவிட்டு, பழைய எல்லையில் புதுக் கதியால் நடுவதற்கு ஒரு காலை குழி தோண்டும் அலவாங்கோடு வந்து நின்றார். எனக்கென்றால் தலைகால் தெரியாத புளுகம்.

"ஐயோ, பிடுங்காதேங்கோ!"

லோஜனா குசினியிலிருந்து ஓடிவந்தாள். கதியாலின் அடியில், ஊதா விளிம்போடு சின்னச் சின்னச் சிப்பிகளாகக் காளான்.

"இது இன்னும் விரியேல்லை. விரிஞ்சாத்தான் அடிப்பக்கத்தைப் படமெடுக்கலாம். அதில்லாமல் என்ன இனமெண்டு சொல்ல ஏலாதாம். கதியாலை அசைச்சா எல்லாம் உதிர்ந்துபோகும்."

"பிள்ளை, உம்மடை மனிசன்தானே இதைப் பிடுங்கச் சொல்லி என்னோடை மல்லுக்கு நிண்டவர்!" அண்ணை சிரித்தேவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு விட்டால் மனிதர் மனம் மாறிவிடலாம். ஆனால் லோஜனா கதியாலடியில் குந்தி ஒவ்வொரு காளானாக எண்ணிக்கொண்டிருந்தாள். கலியாணத்தன்றுகூட அந்த முகத்தில் இவ்வளவு சந்தோசத்தை நான் கண்டதில்லை.

"சரி, விரியட்டும்," என்றேன்.

மறுநாள் விடிய எழும்பி முதலில் வேலியடிக்குப் போனது நான்தான். அந்தப் பக்கம் அண்ணை ஏற்கெனவே குந்தியிருந்தார்.

"தம்பி, விரிஞ்சிட்டுது! அவவைக் கூப்பிடும்!"

தன்னுடைய சவரக் கண்ணாடியை எடுத்துவந்து அவரே காளானுக்குக் கீழே பிடித்தார். நான் குடை பிடித்தேன். லோஜனா சேற்றில் படுத்துப் படமெடுத்தாள். பின்னேரம் குழுவிலிருந்து பெயர் வந்தது. வரைபடத்தில் எங்கள் தீவின் முதல் காளான் புள்ளி! லோஜனா முற்றத்தில் துள்ளினாள். நானும்தான்.

அண்ணை மறக்காமல் அலவாங்கோடு வந்தார்.

"தம்பி, இப்ப பிடுங்குவமோ?"

 அடுத்த மாரிக்கும் அதே கட்டையில் முளைக்கும் என்று லோஜனா மத்தியானம்தான் சொல்லியிருந்தாள்.

"நிக்கட்டும் அண்ணை," என்றேன். "அரை முழம்தானே."