மாசிக்காய் உரசிய கல்

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் குடியிருந்தோம். எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒட்டிக் கட்டியவை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் மட்டும் இரண்டுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சுவர். அந்தச் சுவரின் மேல் நடந்துதான் என் பூனை என்னை விட்டுப் போனது.

என் பூனை என்று அழுத்தியே சொல்கிறேன். விறகுக் கட்டைகளுக்கு நடுவே கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை எடுத்து, துணித்திரியில் பால் நனைத்துக் கொடுத்து ஆளாக்கியவள் நான். சாம்பல் நிறம், மூக்கின் மேல் மட்டும் கொஞ்சம் வெள்ளை. என் வீட்டுக்காரர் காலையில் மோட்டார் பட்டறைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க வீட்டில் நானும் அதுவும்தான். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடச் சின்னவள், அவளுக்கு மூன்று. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். என்னிடம் வாய்க்கு வாய் அக்கா போட்டுத் தமிழில் பேசுவாள். நல்லவள்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டைக்காரியாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

ஒரு சித்திரை வெயிலில் பூனைக்கு வாய் புண்ணாகிவிட்டது. தட்டருகே ஆசையாக வரும், ஒரு வாய் வைக்கும், உடனே சோற்றைப் பார்த்தே சீறிக்கொண்டு பின்வாங்கும். எச்சில் நூலாக வடிந்து நெஞ்சு மயிரெல்லாம் ஒட்டிக் கிடந்தது. முன்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கொட்டாவி விட்டபோது பார்த்தேன். ஈறு முழுக்கச் செக்கச்செவேலென்று வீங்கி, கடைவாயில் புண். கிட்டே போனால் நாற்றம்.

மாட்டாஸ்பத்திரியில் கேட்டுவரச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினேன்.

"கேட்டேன் புள்ள. மாடுன்னாக் கொண்டா, பூனைக்கெல்லாம் ஊட்டு வைத்தியமே போதும்னு சிரிச்சுப்போட்டாங்க" என்றார்.

வீட்டு வைத்தியம் எனக்குத் தெரியாதா? மணத்தக்காளிக் கீரையை அவித்துப் பிழிந்து, சாற்றைப் பாலில் கலந்து வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுப் போனது. கொய்யாக் கொழுந்தைக் கொதிக்கவிட்டு ஆறவைத்து, துணியில் நனைத்து ஈறைத் துடைக்கப் போனேன். கையைக் கீறிவிட்டது. கடைசியில் என் தகரப் பெட்டியைத் திறந்தேன்.

அதில் ஓர் உரைகல் இருந்தது. கூடவே துணி முடிச்சில் மாசிக்காய், கடுக்காய், வசம்பு, ஜாதிக்காய். மருந்து புகட்டுகிற ஒரு சங்கு. பிள்ளை பிறந்தால் கல்லில் உரசி ஊற்ற வேண்டும் என்று, கல்யாணச் சீரோடு அம்மா வைத்துக் கட்டியது. பிள்ளைக்கு நாக்கில் அச்சரம் கண்டால், அதாவது வாய் வெந்து புண்ணானால், மாசிக்காயைத்தான் உரசுவார்கள். என் கல் அதுவரை ஒரு தடவைகூட நனைந்ததில்லை. அன்றுதான் முதன்முதலாக அதன்மேல் தண்ணீர் விட்டேன், பூனைக்காக.

பிள்ளைக்கு எப்படி ஊற்றுவார்களோ அப்படியே செய்தேன். காலை நீட்டி உட்கார்ந்து, பூனையைப் பழஞ்சேலையில் சுற்றிக் காலிடுக்கில் மல்லாத்தி, கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து சங்கால் ஊற்றினேன். மாசிக்காய்க்குத் துவர்ப்பு அதிகம். புண்ணில் பட்டதும் அது போட்ட கூச்சல் மேட்டுப்பாளையம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். பாதி மருந்து உள்ளே போனது, மீதி என் மடியில். நானும் விடவில்லை, காலையும் மாலையும் ஊற்றினேன். சேலையை எடுத்தாலே கட்டிலுக்கடியில் ஓடியது. அப்புறம் என் மெட்டிச் சத்தம் கேட்டாலே ஓடியது. ஒரு நாள் சுவரேறிப் போய்விட்டது.

அங்கே அவள் சோற்றைத் தேங்காய்ப்பாலில் குழைத்து, நன்றாக ஆறவிட்டு, கொட்டாங்குச்சியில் வைத்தாள். அவளுக்குப் பிறந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். வீட்டில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. பூனை அதை நக்கி நக்கித் தின்றது. அவள் கைக்குழந்தையின் தூளிக்கடியிலேயே படுத்துக்கொண்டது. "பில்லி, ரா ரா" என்று அவள் தெலுங்கில் கூப்பிட்டால் வாலைத் தூக்கிக்கொண்டு போனது. நான் எத்தனை தடவை தமிழில் கூப்பிட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. மருந்து கொடுத்தவள் நான், மடியில் வைத்துக் கொஞ்சுகிறவள் அவளா? வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இது என் மார்பில்கூடப் பாயவில்லை, அடுத்தவள் மடியில் போய்ப் பாய்ந்தது. மூன்று பிள்ளை போதாதென்று என் பூனையும் வேண்டுமாக்கும் என்று முனகிக்கொண்டே பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன். அவள் காதில் விழட்டும் என்றுதான் வைத்தேன்.

ஆனால் தேங்காய்ப்பாலில் பூனைக்கு வயிறு நிறைந்ததே தவிர வாய் ஆறவில்லை. எச்சில் வடிந்துகொண்டுதான் இருந்தது. பூனையை நினைத்தால் பாவமாக இருந்தது. அவளை நினைத்தால் சந்தோஷமாக இருந்தது. மருந்து என்னிடம் அல்லவா இருக்கிறது, வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

வந்து கேட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரருகே நின்றாள்.

"ஏனுங்க அக்கா, இன்னும் வாய் நாறுதுங்க. நீங்க மாசிக்கா ஒரசி ஊத்துனீங்கல்ல, அந்தக் கல்லக் கொஞ்சம் குடுங்க. நானும் வெச்சுப் பாக்கறனுங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வை, நன்றாக வை. நாலு கீறல் நீயும் வாங்கு. உன் காலிடுக்கில் ரெண்டு தரம் மல்லாத்தினால் சுவரேறி என்னிடமே வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

"அதுக்கென்னங் அம்மணி, கொண்டு போங்க" என்று கல்லையும் மாசிக்காயையும் கொடுத்தேன். சங்கையும் மறக்காமல் கொடுத்தேன்.

மறுநாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் கூச்சலுக்காகக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் பொறுக்க முடியாமல் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பூனை. சேலைச் சுற்று இல்லை. சங்கு ஓரமாகக் கிடந்தது. உரைகல்லில் மாசிக்காயை உரசி, அதை வெண்ணெயில் குழைத்து வைத்திருந்தாள். விரலில் தொட்டுப் பூனையின் முன்காலில் தடவினாள். பூனைக்குக் காலில் எது ஒட்டினாலும் பொறுக்காதே, உடனே நக்கியது. நக்கி முடித்ததும் மறுபடி கொஞ்சம் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு அதையும் நக்கியது.

"பாருங்க அக்கா, எப்புடித் திங்குதுன்னு."

"இத ஆருங் சொல்லிக் குடுத்தாங்க?"

"ஆரும் சொல்லலீங்க. கொழந்தைக்கு அச்சரம் வந்தா நாம மாருல தடவிக்குவோமில்லீங்களா, பாலோட சேத்து அதுவே குடிச்சுக்கும். அது மாதிரித்தானுங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவள் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அப்படி நாக்கைக் கடித்துக்கொண்டதை மட்டும் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாசிக்கா இருக்கட்டுங்க. கல்ல மட்டும் குடுங்க" என்றேன்.

கல்லைக் கழுவிக் கொடுத்தாள். அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாசற்படியில் கால் வைக்குமுன், பூனை சுவர்மேல் ஏறி என் பின்னால் வருகிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அது இன்னும் அந்தக் காலைத்தான் நக்கிக்கொண்டிருந்தது.