உயிலுக்கு மஞ்சள் பூசிய அம்மா

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிதம்பரம் கோர்ட்டில் என் தம்பி என்மேல் போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது. அப்பா எனக்கென்று எழுதிவைத்த, நான் குடியிருக்கிற வீட்டில் அவன் பாதி கேட்டான். என்னிடம் இருந்தது உயிலின் ஜெராக்ஸ் மட்டும். அதன் நான்கு மூலையிலும் கறுப்புத் திட்டு. “எதையோ ஒட்டி மறைத்திருக்கிறார்கள், இது போலி” என்றுவிட்டார் தம்பியின் வக்கீல்.

சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. அது அம்மா பூசிய மஞ்சள், ஜெராக்ஸில் கறுப்பாக விழுந்திருந்தது! புதிதாக எந்தப் பத்திரம் வந்தாலும் அம்மாவுக்கு மஞ்சள் பூசியாக வேண்டும். “உயிலுக்குப் போயி யாராவது மஞ்சள் பூசுவாங்களா? என்னைச் சீக்கிரம் அனுப்பப் பாக்கறியா?” என்று அப்பா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இதைச் சொல்ல இன்று இருவருமே இல்லை.

ஒரிஜினல், கடலூர் மனை சம்பந்தமான பழைய வழக்கு ஒன்றில் தாக்கல் செய்தது. வழக்கு முடிந்தும் திரும்ப வாங்காமல் விட்டது என் சோம்பேறித்தனம். அதைக் கடலூர் கோர்ட்டிலிருந்து வரவழைக்க மனுப் போடலாம், ஆனால் பழைய வழக்கு எண் வேண்டும். அதை நடத்திய வக்கீலும் காலமாகிவிட்டார். விடுவேனா? ஏழு தடவை கடலூருக்கு பஸ் ஏறினேன்.

“நம்பர் இல்லாம எங்கேம்மா தேடுறது?” என்று ஒவ்வொரு தடவையும் கையை விரித்த ரெக்கார்டு ரூம் ஊழியர், ஏழாவது தடவை என்னைப் பார்த்ததும், “நீங்க விடமாட்டீங்க போல, உக்காருங்க” என்று பழைய பதிவேடுகளை இறக்கினார். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து தேடி, எண்ணைக் குறித்துக் கொடுத்தார். அந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும்.

மனு அனுமதிக்கப்பட்டு, சீல் வைத்த கவர் சிதம்பரம் வந்தது. நீதிபதி முன்னால் பிரித்தார்கள். ஒட்டும் இல்லை, மறைப்பும் இல்லை. மூலைக்கு மூலை பழுப்பேறிய மஞ்சள், ஒன்றில் அம்மாவின் விரல் ரேகை. தம்பி கிட்டே வந்து பார்த்தான். வெளியே வந்ததும், “அக்கா, என் பத்தாவது மார்க் ஷீட்லயும் இப்படித்தான் பூசிச்சி அம்மா. அன்னிக்கு எவ்ளோ சண்டை போட்டேன்” என்றான். குரல் உடைந்திருந்தது. எனக்கும் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. அடுத்த வாய்தாவில் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டான்.

இந்தத் தடவை ஒரிஜினலை மறக்காமல் வாங்கிவந்து பீரோவில் வைத்தேன். எப்போது எடுத்தாலும் அப்பாவின் கையெழுத்துக்கு முன்னால் அந்த ரேகைதான் கண்ணில் படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா எங்கள் இருவருக்காகவும் போட்டுவைத்த கையெழுத்து அது என்றே நினைக்கிறேன்.