பெப்பர்மின்ட் பரீட்சை

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் மர்பி டவுனில் சொந்தமாக டயர் கடை போட்டு, மாடி வீடு கட்டியவன். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். அப்படிப்பட்ட என்னையே எடை போட்டார் ஒருவர்.

கால் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் அவர். ஒல்லி உடம்பு, படிய வாரிய தலை. தலைக்கு மேல் 'எச்.ஐ.வி.' என்று சிவப்பு எழுத்தில் அட்டை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, அவர் முதுகுப் புண்ணின் கட்டை மாற்ற ஒருவரும் வரவில்லை.

யார் அருகே வந்தாலும் அவர் பெப்பர்மின்ட் நீட்டுவார். டாக்டர், "இப்பத்தான் டிபன் ஆச்சு" என்றார். வார்டு பாய்க்கு அன்று விரதம். இந்த நோயாளிகளை ஆஸ்பத்திரியில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று அளக்க வந்த சர்வே அம்மாவோ, "தேங்க்ஸ்" சொல்லி வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என் சர்வே இதாண்ணா. வாயில போடறவங்கதான் கட்டு மாத்துவாங்க" என்று பக்கத்துக் கட்டில்காரர் எனக்கும் நீட்டினார்.

எனக்குச் சர்க்கரை வியாதி. சொன்னால் நம்புவாரா?

"நான் யாருன்னு நெனச்சே? ரெண்டா குடுப்பா!" என்று ஒன்றைக் கடித்தேன்.

அப்போது வார்டையே நடுங்க வைக்கும் பெரிய சிஸ்டர் வந்தார். "யோவ், சுகர் பேஷன்ட்டுக்கு மிட்டாயா?" என்று கத்தி, என் கையிலிருந்த மற்றதைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில்காரர் சட்டென்று குப்புறப் படுத்தார். "சிஸ்டர், கட்டு மாத்துங்க."

சிஸ்டர் திட்டிக்கொண்டே மாற்றினார். எனக்குச் சர்க்கரை ஏறி ஊசி போட்டார்கள். நான் பாஸா, ஃபெயிலா என்று மட்டும் அந்த மனிதர் கடைசிவரை சொல்லவில்லை.