வாசலைப் பார்த்த இரும்புக் கதிரை

என் குசினியில் ஒரு இரும்புக் கதிரை இருக்கிறது. வீட்டிலுள்ள மற்றச் சாமான்களோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எறியச் சொல்லிச் சொல்லி மனைவிக்கு அலுத்துவிட்டது. சிட்னியில், பென்டில் ஹில்லில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அன்ரி, மரக்கதிரைகள் இரண்டு பாரம் தாங்காமல் முறிந்தபிறகு, அமெரிக்கர் உட்காரவென்று வாங்கிப் போட்டது அது.

அமெரிக்கர் பின்னறையில் இருந்தவர். நான் படகில் வந்து, தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்து, கோழித் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, 2010இல் முன்னறைக்குக் குடிபோனபோது அவர் அங்கே பழைய ஆள். அவுஸ்திரேலியப் பெண்ணைக் கட்டி சிட்னிக்கு வந்தவர். அந்தக் கலியாணம் முறிந்தது. ஊருக்குத் திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கதவுக்குள் பக்கவாட்டாகத்தான் நுழைவார்.

ஒருகாலத்தில் அவர் அமெரிக்கக் காற்பந்தைத் தொழிலாக ஆடியவர். பெயர்தான் காற்பந்து, பெரும்பாலும் கையால்தான் எல்லாம். பந்தெறிபவரை எதிரணிக்காரர் வந்து விழுத்தாமல், அவருக்கு முதுகைக் காட்டி முன்னால் நின்று மறிக்கும் ஐந்து தடியர்களில் இவர் ஒருவர். பந்தைத் தொடுகிற வேலையே இவருக்கு இல்லை. ஒரே பந்தெறிபவருக்கு முன்னால் எட்டு வருடம் நின்றாராம். இரண்டு முழங்காலையும் அதற்கே கொடுத்தார். தொலைக்காட்சியில் பழைய ஆட்டம் போனால், கமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடிவிடும், இவருடைய முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும். "திரும்பிப் பார்க்க ஏலாது. பார்த்தால் முன்னால் வாறவன் தப்பிவிடுவான். எல்லாம் முடிஞ்சபிறகு ஒரே கேள்விதான்: பந்தெறிஞ்சவன் எழும்பிட்டானா?" என்பார்.

அந்தப் பழக்கமோ என்னவோ, குசினியிலும் கதிரையைப் பின்வாசலைப் பார்க்கப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருப்பார். "தம்பி, முதுகோட என்னண்டு கதைக்கிறது?" என்று அன்ரி தமிழிலேயே ஏசுவா. அவர் சிரித்துக்கொண்டு கதிரையைத் திருப்புவார். மறுநாள் அது மறுபடி வாசலைப் பார்க்கும். முகத்தைவிட அந்த முதுகுதான் எனக்குப் பழக்கம், இடப்பக்கம் சற்றுச் சரிந்த முதுகு. யாழ்ப்பாணத்திலிருந்த மனைவியுடன் பேச லைன் கிடைக்காத பின்னேரங்களில் அதற்குப் பின்னால் இருந்து தேநீர் குடிப்பேன். ஏனென்று தெரியாது, பயம் கொஞ்சம் குறையும்.

2012இல் அந்தப் பந்தெறிபவர் ஒரு கூட்டத்தில் பேச சிட்னிக்கு வந்தார். அமெரிக்கர் சேர்ட்டை இரண்டு தரம் அயர்ன் பண்ணினார். தன்னை அவருக்கு நினைவிருக்குமா என்று ரயிலில் என்னிடம் கேட்டார், கேட்டுவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். நினைவில்லாமல் போகுமா என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

கையெழுத்துக்கு நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தது. பந்தெறிபவர் நிமிர்ந்து, எல்லோருக்கும் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்து, "யாருக்கென்று எழுத?" என்று கேட்டார். கடைசியாகக் கண்டு இருபது வருடம், அமெரிக்கருக்கு இப்போது வழுக்கை, நரைத்த தாடி. ஆடிய காலத்திலும் முகத்தைத் தலைக்கவசம் மறைத்திருக்கும். அமெரிக்கரின் காதுகள் சிவந்தன. என்னைக் காட்டி என் பெயரைச் சொன்னார். பிறகு திரும்பி நடந்தார்.

நான் கையெழுத்துத் தாளுக்காக நின்றேன். பேனா பாதியில் நின்றது. பந்தெறிபவர் போகிற முதுகையே பார்த்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பி ஒரு பெயரைக் கூப்பிட்டார். அது அமெரிக்கரின் பெயர். சனத்தின் இரைச்சலில் அது அவருக்குக் கேட்கவில்லை. கேட்டாலும் திரும்புகிற ஆள் இல்லையே.

அவரை ரயில் நிலையத்தில்தான் பிடித்தேன். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொல்லி, திரும்பிப் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். மலையை இழுக்க முடியுமா?

"எழும்பி நின்றவனா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம், எழும்பி நின்றவர்."

"அப்ப சரி" என்று ரயிலில் ஏறினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த வருடம் முழங்கால்களுக்குச் சத்திரசிகிச்சை செய்ய, அமெரிக்காவிலிருந்த சகோதரியிடம் போனார். விமான நிலையத்தில் அன்ரி அழுதா. அவர் திரும்பிப் பாராமல் உள்ளே போனார்.

அவர் பிறகு வரவில்லை; அன்ரியின் வீட்டைவிட்டு மாறியபோது கதிரையை நான் கேட்டு எடுத்துவந்தேன். மனைவி வந்துசேர அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஆயின. இப்போது கூட்டித் துடைக்கும்போதெல்லாம் அவள் கதிரையை மேசைப் பக்கம் திருப்பிவிடுவாள். பின்னேரம் நான் அதை மறுபடி வாசலைப் பார்க்கப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருந்து தேநீர் குடிக்கிறேன். முன்னால் அந்த முதுகு இல்லாதது இன்னும் பழகவில்லை.