ஆட்சேபணை இல்லை

நான் பேசவில்லை. பேசினேன் என்று சொன்னேன்.

என் குற்றம் இவ்வளவுதான். ஆனால் அதனால் ஒரு பட்டப்படிப்பு மூடப்பட்டது. படித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். என்னை நம்பிய ஒரு பெண் பல்கலைக்கழகத்தை விட்டே போனார். நானோ இன்றுவரை ‘நமக்காகப் பேசிய மனிதர்’ என்ற பெயரோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன்...

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அறிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

அப்புத்தளைக்குக் கீழே, தேயிலைச் சரிவின் நடுவில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அங்கே நான் சிரேஷ்ட விரிவுரையாளன். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தவன். அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். எங்கள் பீடத்தில் மலையகத் தமிழன் என்று சொல்லிக்கொள்ள ஆசிரியர்களில் நான் ஒருவன்தான். ஆனால் நான் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. யாராவது ஊர் எது என்று கேட்டால் “பதுளை” என்று மட்டும் சொல்வேன். பதுளை பெரிய ஊர். அதற்குள் ஒரு லயத்தை எளிதாக மறைத்துவிடலாம்.

எங்கள் பீடத்தில் சனி, ஞாயிறுகளில் தமிழ்மொழியில் ஒரு பட்டப்படிப்பு நடந்தது. தோட்டப் பாடசாலைகளில் படிப்பிப்பவர்களுக்கானது. வெலிமடையிலிருந்தும் பசறையிலிருந்தும் நமுனுகுலவிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருவார்கள். வகுப்பில் சிலர் நின்றுகொண்டே குறிப்பெடுப்பார்கள், உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று. அந்தப் படிப்பை உருவாக்கியவர் பரீனா. பதுளை நகரத்துத் துணிக்கடைக்காரரின் மகள். என் துறையிலேயே விரிவுரையாளர். வயதில் என்னைவிட இளையவர். துணிவில் என்னைவிட... அதை நீங்களே பார்க்கப் போகிறீர்கள்.

இன்னொன்றும் செய்திருந்தார் பரீனா. முன்பெல்லாம் பல்கலைக்கழகத்தின் எதிர்காலத் திட்டம் துணைவேந்தரின் அறையில் நாலைந்து பேர் கூடித் தேநீர் குடித்துக்கொண்டே முடிவாகிவிடும். எந்தத் துறை வளரும், எது தேயும், எந்தக் கட்டடம் யாருக்கு என்பதெல்லாம் எங்களுக்குச் சுற்றறிக்கையாகத்தான் வந்து சேரும். திட்டமிடல் குழுவில் ஆசிரியர்கள் தெரிவுசெய்யும் ஒருவருக்கும் இடம் வேண்டும் என்று பரீனா வருடக்கணக்கில் வாதாடினார். பீடச் சபையில், சங்கக் கூட்டத்தில், சாப்பாட்டு மேசையில்... எங்களுக்கே சலித்துப்போனது. ஆனால் கடைசியில் அந்தக் கதிரை கிடைத்தது.

நியாயமாக அதில் அவர்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தோம். பீடச் சபையில் அவர் எழுந்து என் பெயரை முன்மொழிந்தார்.

வெளியே வந்ததும், “ஏன் இப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“நான் கத்துறவள்னு எல்லாருக்கும் தெரியும் சேர். நான் வாயத் திறந்தாலே அவங்க காதப் பொத்திக்குவாங்க. நீங்க அளந்து பேசுறவரு. அதோட, நீங்க தோட்டத்துல பொறந்தவரு. தோட்டத்து டீச்சர்மாருக்காக நீங்க பேசினா யாராலயும் மறுக்க ஏலாது.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது! நான் ஒருபோதும் சொன்னதில்லை. எனக்கு முகம் சுட்டது. உண்மையைச் சொல்கிறேன்: அந்தக் கணத்தில் எனக்கு அவர்மேல் நன்றி தோன்றவில்லை. எரிச்சல்தான் தோன்றியது.

அந்த வருடத் திட்டத்தில் தமிழ்மொழி வார இறுதிப் படிப்பை நிறுத்துவது என்ற யோசனை இருந்தது. அந்த வகுப்பறைகளைச் சுற்றுலா முகாமைத்துவத்துக்குக் கொடுப்பதாம். ஆசிரியர்கள் கூடினோம். ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. சிங்கள நண்பர் நிமால்தான் எல்லோரிலும் கோபமாகப் பேசினார். “இந்தப் பிரதேசத்துக்கு இந்தப் பல்கலைக்கழகம் செய்கிற ஒரே உருப்படியான காரியம் இது” என்றார். நாங்கள் எதிர்க்கிறோம் என்று குழுவில் நான் சொல்ல வேண்டும். எல்லோரும் கை உயர்த்தி எனக்குக் கொடுத்த பொறுப்பு அது.

கூட்டத்துக்கு முதல்நாள் துணைவேந்தர் என்னை நடைவழியில் நிறுத்தினார். மிரட்டினார் என்று நினைக்காதீர்கள். மிரட்டியிருந்தால் ஒருவேளை எனக்கும் ரோஷம் வந்திருக்கும். அவர் என் தோளில் கை வைத்து, ஆங்கிலத்தில், மிக மென்மையாகச் சொன்னார்: “உங்களை அனுப்பியது நல்ல தெரிவு. நீங்கள் ஒரு சமூகத்துக்குள் குறுகி நிற்பவர் இல்லை. முழுப் பல்கலைக்கழகத்தையும் பார்க்கத் தெரிந்தவர். துறைத்தலைமைக்கு இப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும்.”

அவ்வளவுதான். அந்தச் சில சொற்கள் போதுமாக இருந்தன எனக்கு.

இவ்வளவு மலிவானவனா நான் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பதவிக்காக விழுந்தேனா? அதுவும் உண்டு. ஆனால் அதைவிட ஆழத்தில் வேறொன்று இருந்தது. ‘ஒரு சமூகத்துக்குள் குறுகி நிற்பவர் இல்லை’ என்றாரே... அந்தச் சான்றிதழுக்காகத்தான் நான் சிறுவயதிலிருந்து ஓடிக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்த மேசையில் தோட்டத்து ஆசிரியர்களுக்காக வாயைத் திறந்தால் அது போய்விடும். லயத்துப் பிள்ளை லயத்துக்காகப் பேசுகிறான் என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்கியிருக்க முடியாது என்று நினைத்தேன். தாங்கிப் பார்க்கவே இல்லை நான்!

கூட்டம் நடந்தது. வார இறுதிப் படிப்பு வந்தபோது துணைவேந்தர் என் பக்கம் திரும்பினார்.

“ஆசிரியர்கள் தரப்பில்?”

பரீனா எனக்குச் சொல்லித் தந்த காரணங்கள் எல்லாம் நாக்கின் நுனியில் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“ஆட்சேபணை இல்லை,” என்றேன்.

பக்கம் புரண்டது. அடுத்த விடயத்துக்குப் போனார்கள். ஒரு படிப்பைக் கொல்வதற்குத் தொண்டையைச் செருமும் நேரம்தான் தேவைப்பட்டது.

அறைக்குத் திரும்பியபோது பரீனாவும் நிமாலும் வேறு சிலரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும்... அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘பயந்துவிட்டேன், மன்னியுங்கள்’ என்று சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பார்கள்; இறுதி முடிவெடுக்கும் மூதவைக்கு வேறு யாரையாவது அனுப்பிப் போராடியிருப்பார்கள். இன்னும் நேரம் இருந்தது. நான் கதிரையில் சாய்ந்து, களைத்தவன்போலக் கண்களை மூடிக்கொண்டேன்.

“எவ்வளவோ பேசிப் பார்த்தேன். கேக்கல,” என்றேன்.

நிமால் என் கையைப் பற்றிக்கொண்டார். பரீனா தேநீர் ஊற்றித் தந்தார். “நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சிட்டீங்க சேர்,” என்றார். அந்தத் தேநீரை நான் குடித்தேன். முழுவதையும் குடித்தேன்.

படிப்பு நின்றது. பாதி முடித்திருந்தவர்களை ஆங்கில வகுப்பில் சேரச் சொன்னார்கள். சிலர் சேர்ந்தார்கள். பெரும்பாலானோர் வரவில்லை.

பரீனா சும்மா இருக்கவில்லை. ஆசிரியர் பிரதிநிதி கடுமையாக எதிர்த்தும் நிர்வாகம் காதில் வாங்கவில்லை என்று ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். என் பெயரையும் பெருமையோடு சொல்லியிருந்தார். அதைப் படித்த காலையில் பத்திரிகையை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். நிர்வாகம் உடனே மறுத்தது: குழுவில் எவரும் எதிர்க்கவில்லை, பொய் சொல்லிப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கெடுத்திருக்கிறார். பரீனாமீது ஒழுக்காற்று விசாரணை வந்தது. சாட்சி சொல்ல என்னை அழைத்தார்கள்.

விசாரணை அறைக்கு வெளியே பரீனா மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

“சேர், நீங்க பேசினீங்கதானே?”

அவர் குரலில் சந்தேகம் இருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

“பேசினேன்,” என்றேன்.

“அத மட்டும் உள்ள சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். பரீனாவையும் என் எதிரிலேயே உட்கார வைத்தார்கள். குழுவில் நீங்கள் எதிர்ப்புத் தெரிவித்தீர்களா என்று நேராகக் கேட்டார்கள். குழுக் கூட்டத்தில் அன்று என் சொல்லைக் கேட்டவர்கள் எல்லோரும் துணைவேந்தரின் ஆட்கள். பொய் சொல்ல வழியில்லை. உண்மை சொன்னால் பரீனாவிடம் சொன்னது பொய்யாகும். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தேன். படித்தவனுக்கு அப்படிப்பட்ட சந்துகள் எப்போதும் கிடைக்கும்.

“எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. பிற்பாடு என் தனிப்பட்ட கவலைகள் சிலவற்றைச் சக ஆசிரியர்களிடம் பகிர்ந்துகொண்டேன். கலாநிதி பரீனா அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.”

புரிந்துகொண்டிருக்கலாம்... எவ்வளவு நாகரிகமான சொல்! 

பரீனா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். பழக்கமான ஒரு சாமானை விலை கேட்டுவிட்டு, வேண்டாம் என்று திருப்பி வைக்கிறவர்களின் பார்வை. சாட்சியிடம் கேட்க ஏதும் உண்டா என்று அவரிடம் கேட்டார்கள். “இல்லை,” என்றார்.

அவருக்குரிய பதவியுயர்வை நிறுத்திவைத்தார்கள். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டுப் போனார். விசாரணை மூடிய அறையில் நடந்ததால் நான் சொன்னது வெளியே யாருக்கும் தெரியாது. “அதப் பற்றி நான் பேசக் கூடாது” என்று சொல்லிச் சொல்லித் தப்பித்தேன். அந்த மௌனத்தையும் என் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் துறைத்தலைமை வந்தது. போராடியவருக்குக் கிடைத்த நியாயம் என்று நிமால் கேக் வெட்டினார்.

சில மாதங்களுக்கு முன் அப்புத்தளை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். ஒரு பெண் வந்து வணக்கம் சொன்னார். புஷ்பலதா, வார இறுதி வகுப்பில் என்னிடம் படித்தவர், நமுனுகுலப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். பட்டம் இல்லாததால் இன்னும் உதவி ஆசிரியராகவே இருக்கிறாராம்.

“அதுக்கென்னங்க சேர் செய்யிறது. நீங்க எங்களுக்காக எவ்வளவு பேசுனீங்கன்னு எங்களுக்குத் தெரியும். போன வாரங்கூட பரீனா மிஸ் சொன்னாங்க.”

“பரீனா மிஸ்ஸா... சொன்னாங்க?”

“ஆமாங்க. அவங்க கடைக்குப் போனா எப்பவும் உங்களப் பத்திச் சொல்லுவாங்க. ‘சேர் உள்ள போயி நமக்காகப் பேசினாரு, அவங்கதான் கேக்கல’ன்னு.”

பதுளைக்கு எதிர்த்திசையில் போகும் என் ரயில் வந்தது. நான் ஏறவில்லை. பஸ் பிடித்து நேரே பதுளைக்குப் போனேன்.

பரீனா தன் தம்பியோடு வாப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறார். மேல்மாடியில் உயர்தர மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறார். நான் போனபோது கல்லாவுக்குப் பின்னால் நின்று ஒரு குடும்பத்துக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் வேறு சேலைகளைப் பார்க்கத் தம்பியிடம் நகர்ந்ததும், என்னைப் பார்த்து, “வாங்க சேர்,” என்றார். பழைய குரல்தான்.

“புஷ்பலதாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

அவர் விரித்த சேலையை மடிக்கத் தொடங்கினார்.

“வேற என்ன சொல்லச் சொல்றீங்க?”

“உண்மைய.”

“உண்மையச் சொன்னா என்ன நடக்கும்? ஆசிரியர்மார உள்ள விட்டாலும் இதுதான் நடக்கும்னு எல்லாரும் பேசுவாங்க. அந்தக் கதிரையத் தூக்கிடுவாங்க. நம்ம ஆக்களே, அது இருந்து என்னத்துக்குன்னு விட்டுடுவாங்க.” மடித்த சேலையை அடுக்கில் வைத்தார். “அந்தக் கதிரைக்கு நான் எவ்வளவு பாடுபட்டேன்னு ஒங்களுக்குத் தெரியும். அடுத்தாப்ல வர்ற யாராவது ஒரு ஆள் பேசுவாங்க. அதுக்குக் கதிரை இருக்கணும். ஒங்களக் காப்பாத்துறதுக்காகச் செய்யல சேர்.”

“என்ன மன்னிச்சிடுங்க,” என்றேன். கேட்ட எனக்கே அது வெட்கமாக இருந்தது.

பரீனா அடுத்த சேலையை எடுத்து மடித்தார். அந்தக் குடும்பம் திரும்பி வந்தது. அவர் அவர்கள் பக்கம் திரும்பி, “அந்த நீலம் பாத்தீங்களா? வெளுக்காது,” என்றார். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் பீடச் சபை கூடியது. புதிய திட்டம் வரப்போகிறது. குழுவுக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். இந்தத் தடவை எங்கள் நூலகத்தின் தமிழ்ப் பகுதியில் கைவைக்கப் போகிறார்கள் என்று கேள்வி. நிமால் எழுந்தார். “நமக்குத் தெரிந்த ஒரே ஆள் இருக்கிறார். போன தடவை தனியாக நின்று பேசியவர்,” என்று என் பெயரைச் சொன்னார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. புதிதாகச் சேர்ந்த இளம் விரிவுரையாளர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

எழுந்து சொல்ல வேண்டிய இடம் அதுதான். எழுந்தேன். சொல்லவும் வாயெடுத்தேன். சொன்னால் அந்தக் கதிரை போய்விடும் என்று பரீனா சொன்னது நினைவுக்கு வந்தது. அது உண்மையிலேயே பரீனாவின் காரணமா, அல்லது அதற்குள்ளும் நான் எனக்கொரு சந்து பார்த்துக்கொண்டேனா... எனக்குத் தெரியவில்லை.

“நன்றி. ஏற்றுக்கொள்கிறேன்,” என்றேன்.

கை தட்டினார்கள்.

யாருக்காக அவர் அந்தக் கதிரையைக் காத்துவைத்தாரோ, அந்த அடுத்த ஆளின் இடத்தில் நானே போய் உட்காரப் போகிறேன். கூட்டம் அடுத்த மாதம். இந்தத் தடவை நிச்சயம் பேசுவேன் என்று எழுதி இதை முடிக்கத்தான் ஆசை. ஆனால் பேசுவேன் என்று நான் சொன்னால், நீங்கள் நம்புவீர்களா?